வீட்டில் பிள்ளை பார்க்கலாமா? லண்டனில் பதிவு செய்வதும் செய்யாததும்

"அக்கா, ரெண்டே ரெண்டு பிள்ளையளைத்தான் பாக்கப் போறன். அதுக்கும் பதியோணுமோ?"

வெம்பிளியில் இருக்கும் ஒரு தங்கை போன மாதம் போனில் கேட்டாள். நான் திருச்சிக்காரி. ஹாரோவில் 2012 முதல் வீட்டில் பிள்ளை பார்க்கிறேன். இங்கே இதற்குப் பெயர் சைல்ட்மைண்டர். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் சாப்பாட்டுப் பந்தியிலும் இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதம் குறைவு. பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கூலி வாங்கிக்கொண்டு, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை, உங்கள் வீட்டில் வைத்து, ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தால் பதிய வேண்டும். பிள்ளை ஒன்றே ஒன்றானாலும் சரி. ஆனால் எங்கே பதிவது, அது உங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பதைப் போனில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் வயது வரம்பு 12. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பதியும் இடமே வேறு. வேல்ஸின் கார்டிஃபில் இருக்கும் மச்சாள் சொன்னதை வைத்து இங்கிலாந்தின் லூட்டனில் இறங்கிவிடாதீர்கள்.

உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். பதிவு தேவைப்படாத அளவோடு நிறுத்திக்கொள்வது; பிள்ளையின் வீட்டுக்கே போய் நானியாக வேலை பார்ப்பது; பள்ளிகளையும் பிள்ளை பராமரிப்பையும் ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் நேரடியாகப் பதிவது; அதற்குப் பதிலாக உங்களைப் பதிந்து கண்காணிக்கும் ஒரு சைல்ட்மைண்டர் ஏஜென்சியில் பதிவது. எல்லோரும் கடைசி இரண்டில் எது மலிவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்?

ஏன் என்றால், சைல்ட்மைண்டர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குக் குறைந்த 6 பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக்கூடாது. அந்த ஆறில் 3 பேர்தான் சின்னப் பிள்ளைகளாக இருக்கலாம். அதாவது ஐந்து வயது முடிந்து அடுத்து வரும் செப்டம்பர் 1-ஐத் தொடாதவர்கள். அந்த மூவரில் ஒன்றுதான் ஒரு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தை. இரட்டைப் பிள்ளைகள், அண்ணன் தங்கை என்று வந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. இந்தக் கணக்கில் நீங்கள் பெற்ற பிள்ளைகளும் சேர்த்தி. இதைக் கேட்டு முகம் வாடிப்போனவர்கள் பலர். இரண்டு வயதில் இரட்டைப் பிள்ளைகள் வைத்திருக்கும் அம்மாவுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சின்னப் பிள்ளைக்கான இடம். ஒரு பிள்ளையின் கூலிக்காக வீட்டையே ஆய்வுக்குத் திறந்துவிட வேண்டுமா என்பதை அவர்தான் யோசிக்க வேண்டும். உங்கள் பிள்ளை நர்சரியிலோ பள்ளியிலோ இருக்கும் நேரத்தில் கணக்கில் வராது, அது ஒரு ஆறுதல்.

சரி, முதல் வழிக்கு வருவோம். பதியாமல் பார்க்க அனுமதிக்கும் வாசல்கள் சில இருக்கின்றன, ஆனால் நம் ஆட்கள் நினைக்கும் அளவுக்கு அகலமானவை இல்லை. சொந்தக்காரர் என்றால் பதிவு வேண்டாம். சட்டம் சொல்லும் சொந்தம் எது? தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், பிள்ளையின் உடன்பிறந்தவர்கள். கல்யாணத்தால் வந்த உறவும் அதே வரிசையில் ஏற்கப்படும். கூடப்பிறந்த அக்காவின் மகனுக்கு நீங்கள் சித்தி. ஆஃப்ஸ்டெட்டும் அதை ஒத்துக்கொள்ளும். ஒன்றுவிட்ட அக்காவின் மகனுக்கும் நீங்கள் சித்திதான், ஊரில் யாரும் வேறுமாதிரி சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தப் பையன் உங்களுக்கு யாரோ. இந்த ஒரு வரியில் வழுக்கி விழுந்த வீடுகள் எனக்குத் தெரிந்தே மூன்று.

மாலை 6 மணி முதல் இரவு 2 மணிக்குள் மட்டும் பார்த்தால் விலக்கு. ஒரு பிள்ளையை ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் பார்க்காவிட்டாலும் விலக்கு. பள்ளி முடிந்து கூட்டிவந்து வைத்திருக்கிறவர்கள் இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நம்பி இருக்கிறார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும்: 3.15-க்குப் பள்ளி வாசல், 5.15-க்கு அம்மா கதவைத் தட்டுவார். ஆனால் அம்மா ஏறிய ரயில் நடுவழியில் நின்றுவிட்டது, வந்து சேரும்போது 5.40. ஒரு நாள் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் அப்படி ஆனால் நீங்கள் பதியாத சைல்ட்மைண்டர்.

காசு கையில் வாங்கவில்லை, அரிசி மூட்டைதான் இறக்கினார்கள் என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். கூலி என்பது நோட்டாகத்தான் வர வேண்டும் என்று இல்லை. 2009-ல் பக்கிங்ஹாம்ஷையரில் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து பார்த்துக்கொண்டு, ஒருவர் பணியில் இருக்கும்போது மற்றவர் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பென்னி கைமாறவில்லை. ஒருவர் செய்த உதவியே மற்றவர் செய்ததற்குக் கூலி என்று ஆஃப்ஸ்டெட் சொல்லி நிறுத்தச் சொன்னது. நாடே சிரித்தது, திட்டியது. பிறகு அரசு விதியை மாற்றி, நண்பர்கள் காசில்லாமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதற்கு விலக்குக் கொடுத்தது. அரிசி மூட்டைக்கும் அந்த விலக்கு பொருந்துமா என்பதை ஆஃப்ஸ்டெட்டிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதியாமல் பார்ப்பதில் சட்ட பயத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் அரசிடம் வாங்கக்கூடிய உதவி எதையும் உங்களிடம் செலவழிக்க முடியாது. டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கில் பெற்றோர் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் போடும், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்ட் வரை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் பிள்ளை பார்க்கும் செலவில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். இரண்டுக்கும் பதிந்தவரிடம் விட்டிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் மணிக்கு 5 பவுண்ட் கேட்டாலும், பக்கத்துத் தெருவில் பதிந்தவர் கேட்கும் 7 பவுண்ட் அந்த அம்மாவுக்கு மலிவாக முடியலாம்.

நானி வழியை நான் சுருக்கமாகவே சொல்வேன். பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு குடும்பங்கள் வரை பதிவு கட்டாயம் இல்லை. மூன்றாவது குடும்பத்தின் பிள்ளையும் அதே வீட்டில் சேர்ந்தால் கதை மாறும். விருப்பப்பட்டால் சைல்ட்கேர் ரெஜிஸ்டரில் ஆண்டுக்கு 103 பவுண்ட் கட்டிப் பதியலாம்; அப்போது பெற்றோர் டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் பணத்தை உங்களுக்குத் தரலாம். ஆனால் அரசு பணம் தரும் இலவசப் பிள்ளை பராமரிப்பு மணி நேரங்களை நானியிடம் பயன்படுத்த முடியாது. அதோடு நானி பொதுவாகச் சம்பள ஆள். பெற்றோர் முதலாளியாகி வரி, விடுமுறைச் சம்பளம், பென்ஷன் எல்லாம் பார்க்க வேண்டும். உங்கள் வீடு சிறியது, வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, சொந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்றால் இது நல்ல வழி. கைக்குழந்தை வைத்திருப்பவருக்குப் பொருந்தாது.

இனி பெரிய இரண்டு.

ஆஃப்ஸ்டெட்டில் நேரடியாகப் பதியக் கட்டணம் 35 பவுண்ட், பிறகு ஆண்டுக்கு 35. விண்ணப்பத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கான ஏர்லி இயர்ஸ் ரெஜிஸ்டர், ஐந்து வயது தாண்டியவர்களுக்கான சைல்ட்கேர் ரெஜிஸ்டர் இரண்டையும் கேட்டுவிடுங்கள். சேர்த்துக் கேட்டாலும் அதே தொகைதான். இதைத் தவறவிட்டு, பள்ளி முடிந்து வரும் அண்ணனைச் சேர்த்துக்கொள்ள முடியாமல் மறுபடி எழுதிப்போட்டவர்கள் உண்டு. முடிய மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர முதலுதவிப் பயிற்சி, சின்னப் பிள்ளைகளுக்கென்று உள்ளதாகப் பார்த்துச் செய்ய வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டாக்டர் கையெழுத்தோடு உடல்நலப் படிவம். இன்சூரன்ஸ். அப்புறம் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை, அதுவும் உங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டில் இருக்கும் 16 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும்.

நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் கணவன், மனைவி என்று முடிந்துவிடும். நம் வீட்டில் மாமியார், படிக்க வந்த தம்பி, மாடியறையில் வாடகைக்கு இருக்கும் பையன். அத்தனை பேருக்கும் சோதனை. கடந்த ஐந்து ஆண்டில் வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்றால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். என் அம்மா ஒருமுறை ஆறு மாதம் தங்க வந்தார். விருந்தாளிதானே என்று நான் சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம் சக சைல்ட்மைண்டர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அவ்வளவு நாள் தங்குபவர் வீட்டில் வசிப்பவர் கணக்கில் வரலாம், 14 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்று. தெரிவித்தேன், விளக்கம் எழுதினேன். அம்மாவுக்குத்தான் கோபம். "என் பேத்தியைப் பாத்துக்க நான் போலீஸ்ல சர்டிஃபிகேட் வாங்கணுமா?" பேத்திக்கு இல்லம்மா, மற்றப் பிள்ளைகளுக்கு என்றால் கேட்கவில்லை.

பிறகு வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருவார். என் வீட்டுக்கு வந்த அம்மையார் சோபாவில் உட்காரவே இல்லை. தரையில் மண்டியிட்டு, இரண்டு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் இருந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் திரையின் கயிறு எவ்வளவு கீழே தொங்குகிறது என்று கையால் அளந்தார். சமையலறைக் கதவில் தடுப்புக் கேட் இருக்கிறதா, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே என்ன வைத்திருக்கிறேன் என்று பார்த்தார். சாமி அலமாரி கீழ்த்தட்டில் இருந்தது. கற்பூர டப்பாவைத் திறந்து, "இது என்ன?" என்றார். சொன்னேன். "பிள்ளைகள் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். வெள்ளையாக, சதுரமாக, மிட்டாய் மாதிரி இருக்கிறது. விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கு விஷம். பதினைந்து வருடமாகக் கையில் எடுக்கும் பொருள், அன்றைக்குத்தான் அப்படிப் பார்த்தேன். சாமி அன்று சாயங்காலமே மேல்தட்டுக்குப் போய்விட்டார்.

கேள்விகளும் கேட்பார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வழக்கமாக வராத ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? பிள்ளையின் தொடையில் காயம் பார்த்தால் யாரிடம் சொல்வீர்கள்? இதில் ஆங்கிலம் அழகாகப் பேச வேண்டும் என்று பயப்படுகிறார்கள். விதி கேட்பது அவ்வளவு இல்லை: ஆம்புலன்ஸைக் கூப்பிடவும், மருந்துக் குறிப்பைப் படிக்கவும், பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுதவும் தெரிய வேண்டும். பிள்ளையின் வீட்டு மொழிக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. தமிழில் கதை சொல்வதை ஒளிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லியே பெற்றோரைப் பிடியுங்கள்.

நேரடிப் பதிவில் ஆய்வு அறிக்கை உங்கள் பெயரில் வரும், இணையத்தில் யாரும் படிக்கலாம். 2025 நவம்பரிலிருந்து ஒரே சொல்லில் ஒட்டுமொத்த மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகத் தரம் எழுதும் அட்டை முறை வந்திருக்கிறது. ஆறு ஆண்டுச் சுற்றில் வந்த ஆய்வு 2026 ஏப்ரலிலிருந்து நான்கு ஆண்டுச் சுற்றாகிறது. இதற்குப் பயந்தே ஏஜென்சிக்குப் போகிறவர்கள் அதிகம்.

ஏஜென்சி என்ற ஏற்பாடு 2014-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பின்னாளில் சில வாரமே பிரதமராக இருந்த லிஸ் ட்ரஸ் பிள்ளைகள் பராமரிப்புக்கான இணையமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த யோசனை. ஒருவர் பார்க்கக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் அவருடைய இன்னொரு திட்டம் அப்போதைய ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்து நின்றுபோனது. ஏஜென்சி மட்டும் தப்பியது. இதில் நீங்கள் ஆஃப்ஸ்டெட்டில் பதிய மாட்டீர்கள். ஏஜென்சிதான் ஆஃப்ஸ்டெட்டில் பதிந்திருக்கும்; உங்களைப் பதிவதும், சோதனை செய்வதும், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் ஏஜென்சி. ஆஃப்ஸ்டெட் ஏஜென்சியை ஆய்வு செய்யும், அதற்காகச் சில வீடுகளை மட்டும் எட்டிப்பார்க்கும். உங்கள் பெயரில் தனி அறிக்கை வராது.

இதில் நல்லது இல்லாமல் இல்லை. பில் போடுவது, ஒப்பந்தப் படிவம், பயிற்சி, பெற்றோரைத் தேடித் தருவது என்று பலதும் ஒரே ஆப்பில் முடிகிறது. சந்தேகம் வந்தால் கூப்பிட ஒரு ஆள் இருக்கிறார். நான் தொடங்கிய காலத்தில் கவுன்சிலில் அப்படி ஒரு அம்மா இருந்தார், வீட்டுக்கே வந்து படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தார். அந்த வேலை இப்போது பல கவுன்சில்களில் தேய்ந்துவிட்டது. சைல்ட்மைண்டர்களின் எண்ணிக்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டில் பாதிக்கும் கீழே போனதற்குத் தனியாகக் கிடந்து தவிப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அரசும் இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தது. 2023-ல் அறிவித்த தொடக்க மானியம் ஆஃப்ஸ்டெட்டில் பதிந்தவருக்கு 600 பவுண்ட், ஏஜென்சியில் பதிந்தவருக்கு 1,200. அப்போதைய பிரதமர் ரிஷி சுனக்கின் மனைவி ஒரு ஏஜென்சியில் பங்கு வைத்திருந்தது அந்த வேளையில்தான் செய்தியானது, அதை எம்.பி.க்கள் குழுவில் சரியாக வெளிப்படுத்தாதது தெரியாமல் நடந்த விதிமீறல் என்று நாடாளுமன்ற ஆணையர் முடிவு சொன்னார். அந்த மானியம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இன்னும் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பழைய செய்தி.

காசுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில ஏஜென்சிகள் மாதச் சந்தா கேட்கும், சில வருமானத்தில் சதவீதம் பிடிக்கும். உதாரணத்துக்கு 10 சதவீதம் என்று வைப்போம். மணிக்கு 7 பவுண்ட், இரண்டு பிள்ளைகள், ஒரு நாளில் 10 மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள்: வாரத்துக்கு 700 பவுண்ட். பிடிப்பது 70. ஆண்டில் 48 வாரம் என்றால் 3,360 பவுண்ட். எதிர்ப்பக்கத்தில், நேரடிப் பதிவில், 35 பவுண்ட். ஆய்வு பயத்துக்குக் கொடுக்கும் விலை இது என்றால் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. சந்தா முறை என்றால் இடைவெளி குறையும். அதனால் எந்த முறை என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. நேரடிப் பதிவு உங்களுடையது, வீடு மாறினாலும் தகவல் சொல்லி, புது வீட்டைச் சரிபார்த்துத் தொடரலாம். ஏஜென்சிப் பதிவு அந்த ஏஜென்சியோடு கட்டியது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் ஏஜென்சி கடையைக் கட்டப்போவதாக மின்னஞ்சல் அனுப்பியது. நான்கு பிள்ளைகள் அவர் வீட்டில். புதுப் பதிவு கைக்கு வரும்வரை பெற்றோர் பொறுப்பார்களா என்று அவர் தூங்காத இரவுகளை நான் போனில் கேட்டேன். ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிந்து வைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருக்கவும் வழியில்லை.

இலவச மணி நேர விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒன்பது மாத வயது முதலே வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 38 வாரம், அரசு பணம் தருகிறது. இதனால் கைக்குழந்தைக்கு இடம் கேட்டு வரும் போன் அதிகமாகியிருக்கிறது. ஆஃப்ஸ்டெட்டில் பதிந்தவரும் தரலாம், ஆய்வில் தேறிய ஏஜென்சியில் பதிந்தவரும் தரலாம். ஆனால் நம்மவர்கள் போடும் ஒரு திட்டம் இதில் உடைகிறது: "நான் பதிஞ்சிட்டு அக்கா பிள்ளையைப் பார்க்கிறேன், அரசு காசு வரும்." வராது. சொந்தக்காரப் பிள்ளைக்கு அந்தப் பணம் கிடையாது. சொந்தம் என்றால் பதிய வேண்டாம் என்று சொன்ன அதே சட்டம், சொந்தம் என்றால் காசும் இல்லை என்கிறது. அக்கா பிள்ளையை மட்டும் பார்க்கப் பதிவது வீண் வேலை. ஒன்றுவிட்ட அக்காவின் பிள்ளைக்கு? அங்கே நீங்கள் யாரோ, ஆகவே காசு உண்டு.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. மாணவர் விசாவிலோ திறன் பணியாளர் விசாவிலோ இருப்பவர் நீங்களே என்றால் சுயதொழிலாக இதைச் செய்ய முடியாது. அவர்களைச் சார்ந்து வந்த துணைவர் விசா என்றால் பெரும்பாலும் முடியும், உங்கள் விசாக் கடிதத்தை எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு மேல் இதைத் தொழிலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் ஆஃப்ஸ்டெட்டில் நேரடியாகப் போங்கள். முதல் மூன்று மாதம் வலிக்கும், அப்புறம் அறிக்கை உங்களுக்காகப் பேசும். உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை இரண்டு வருடம் மட்டும், காகித வேலை என்றாலே தலைவலி என்றால் சந்தா வாங்கும் ஏஜென்சியைப் பாருங்கள்.

வெம்பிளித் தங்கையோடு போனிலேயே எண்ணினோம். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன், ஏழு மாதத்தில் ஒரு மகள். கைக்குழந்தை இடம் மகளுக்குப் போய்விட்டது. சின்னப் பிள்ளை இடம் மிச்சம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று. "அப்ப ரெண்டு சின்னப் பிள்ளையள் ஏலாதோ?" மகன் நர்சரியில் இருக்கும் நேரத்தில் ஏலும். அவன் தினமும் ஒன்பதிலிருந்து மூன்று வரை போகிறான். மூன்று மணிக்கு ஒரு பிள்ளையின் அம்மா வந்து கூட்டிப்போனால் கணக்கு சரியாக வருகிறது. பகுதிநேர வேலை பார்க்கும் அம்மா ஒருவரை அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறாள்.

விண்ணப்பம் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டது, ஆஃப்ஸ்டெட்டுக்குத்தான். முதலுதவிப் பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமை பதிவு செய்திருக்கிறாள். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அவருடைய போலீஸ் சான்றிதழ் கொழும்பிலிருந்து வர வேண்டும்.